தெ-பிராவுக்கு மூன்று மணி நேரம்

இன்றைக்கு ஏற்றம் கிடையாது.
நேற்றிரவே வரைபடத்தில் விரலை ஓட்டிக்
கிஸ்லேன் சொல்லிவிட்டாள்:
கோடுகள் விலகி விலகிப் போகின்றன,
இனி ஆறு, ஆற்றோடு நாம்.

காலையில் ஒருவருக்கும் அவசரமில்லை.
கயேன் விடுதியில் மதாம் ஊற்றிய காபிக்கு
இரண்டாம் தடவையும் கோப்பையை நீட்டினோம்.
முதல் நாள் சிலாவோஸில்
நாலு மணி இருட்டில் நெற்றிவிளக்கைத் தேடி
ஒருவர் காலை ஒருவர் மிதித்த அதே நால்வர்தான்.
இப்போது தியெரி
ஒரு சேவல் வேலி தாண்டுவதை
உட்கார்ந்து முழுதாகப் பார்க்கிறான்.

என் இடது கட்டைவிரல் நகம்
நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.
பை காலி. அவலும் கடலைமிட்டாயும் தீர்ந்து
மத்தி டப்பாக்கள் நசுங்கி
மிச்சம் ஓர் எலுமிச்சை, ஈரச் சாக்ஸ்.
தோள் மட்டும் பழைய கனத்துக்கே குனிகிறது.

மஃபாத்துக்குள் சாலை இல்லை.
எரிவாயு உருளையும் அரிசியும் சிமெண்டும்
ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வரும்.
மற்றதெல்லாம் கால்.
பாதையும் ஓர் ஆள் அகலம்தான்.
மூன்று நாளாக எனக்குத் தெரிந்த கிஸ்லேன்
ஒரு முதுகு:
நீலப் பையில் பச்சை நூல் தையல்,
வலது கெண்டைக்காலில் சுருண்ட நரம்பு.
தைபித் கணவாயின் பாதி ஏற்றத்தில்
அந்த முதுகு திரும்பாமலே சொன்னது,
"உன் மூச்சு என் காதுக்குள் கேட்கிறது, தள்ளி வா."
அதற்குப் பிறகு உப்பைக்கூடத்
தியெரி வழியாகத்தான் கேட்டேன்.

இன்று பள்ளத்தாக்கு அகன்று
கூழாங்கல் வெளியாகிவிட்டது.
முன்னால் தியெரி, இறங்கியதும் தின்னப்போவதைச்
சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறான்:
மிளகாய் பொன்பொன் பத்து,
அது நம் மசால்வடைக்குத் தங்கச்சி முறை.
கிஸ்லேன் பக்கத்தில் வந்து நடக்கிறாள்.
முகம் இருந்தது அவளுக்கு; மூக்கு உரிந்திருந்தது.
தக்காளி விலை சொல்வது போலச் சொன்னாள்:
"வியாழக்கிழமை முட்டியை மாற்றுகிறார்கள்.
பிறகு மாடிப்படி வரைக்கும் சரியாம்."
என்ன சொல்வதென்று தெரியாமல்
எலுமிச்சையை நீட்டினேன்.
முகர்ந்து பார்த்துவிட்டுச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆறு குறுக்கே குறுக்கே வருகிறது.
முதல் தடவை ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினோம்,
அடுத்த தடவை முனகிக்கொண்டே.
அப்புறம் ஷூவோடு இறங்கிவிட்டோம்.
ரெங்கசாமி மட்டும் கரைக்குக் கரை எண்ணுகிறான்:
ஒண்ணு. ரெண்டு. மூணு.
ழான்-லுக் ரெங்கசாமி, கரும்பாலை மெக்கானிக்.
ஐந்து தலைமுறைக்கு முன் கப்பலேறிய தமிழில்
அவன் கைக்கு வந்து சேர்ந்தது மூன்று எண்.
அதற்கு மேல் தேவைப்படவில்லை என்பான்,
எதைத் தூக்கவும் மூன்று வரை போதும்.
நான்காவது கரையில் என்னைப் பார்த்தான்.
நான் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினேன்.
காரைக்கால்காரி, கணக்கு எழுதிப் பிழைப்பவள்,
எனக்குத் தெரியாத எண்ணா.
ஆனால் சொன்னால் ஐந்தும் கேட்பான்,
பிறகு ஆறு, ஏழு, பிறகு தெ-பிரா.
தோளைக் குலுக்கிவிட்டு
ஒண்ணு என்று மறுபடி தொடங்கினான்.

ஒரு வளைவில் சிக்னல் கிடைத்தது.
நான்கு பைகளும் ஒரே நேரத்தில் கத்தின.
வைக்கோல்வால் என்று இவர்கள் அழைக்கும்
வெள்ளைப் பறவை பாறை இடுக்கை விட்டுக் கிளம்பிப் போனது.
மின்கட்டணம். மைத்துனியின் குழந்தைக்கு ஒரு பெயர்.
மருத்துவமனை: புதன் நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் கூடாது.
கிஸ்லேன் அதைப் படித்துவிட்டுக்
குனிந்து இரு கையால் ஆற்றை அள்ளிக் குடித்தாள்.

தெ-பிரா என்றால் இரண்டு கைகள்.
இரண்டு ஓடை வந்து சேருமிடம், அவ்வளவுதான்.
கரையோரம் ஜீப் நின்றது. ஓட்டுநர்
பாதி சமோசாவோடு கையசைத்தான்.
தியெரி ஓடினான்.
கிஸ்லேனின் நீலப் பையைக் கூரைமேல் ஏற்ற
நானும் ரெங்கசாமியும் ஆளுக்கொரு வாரைப் பிடித்தோம்.
ஒண்ணு, ரெண்டு,
மூணில் முதல் நாள் பலத்தைக் கொடுத்துவிட்டோம்.
பை கூரையைத் தாண்டிப் போய்
அந்தப் பக்கம் தண்ணீரில் விழுந்தது.

எடுக்க மறுபடி ஆற்றில் இறங்கும்போது
நாலு, என்றேன் நான்,
யாரும் கேட்காமலே.